பட்டியல் போட ஊரு, தட்டு போட யாரு?

வா கண்ணு, வா. அந்தத் தூணுல சாஞ்சு காலை நீட்டி உக்காரு. மாப்ள, நீங்களும் வாங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம், பாத்து உக்காருங்க. இந்த வீட்டுல இப்ப ஒரு ஆளைத்தான் தாங்க முடியும். நீங்க விழுந்தா நீங்களே எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்க வேண்டியதுதான்.

அஞ்சு மாசம் ஆயிடுச்சாமே. சரி, சொல்லு. பூவாளூர்ல பஸ் ஏறி லால்குடியில எறங்குறதுக்குள்ள எத்தனை பேரு உனக்குப் புத்தி சொன்னாங்க? பக்கத்து சீட்டுக்காரி பப்பாளியத் தொடாதேன்னிருப்பா. பூக்காரம்மா எள்ளு சூடுன்னிருப்பா. மாப்ளைக்குப் பாக்கிச் சில்லறை தராத கண்டக்டருகூட நல்ல குங்குமப்பூ எந்தக் கடையில கெடைக்கும்னு சொல்லியிருப்பாரு. வயித்துல புள்ள தங்குனா போதும், ஊருல இருக்குற வாயெல்லாம் வைத்தியர் வாயாயிடும். "அதைத் திங்காதே, இதைத் திங்காதே"ங்கறதுக்கு நூறு பேரு. "இந்தா, இதைச் சாப்பிடு"ன்னு ஒரு தட்டை நீட்டுனவங்க எத்தனை பேரு? விரலை மடக்கிச் சொல்லு. ஒரு விரல்கூட மடங்கலையா? மாப்ள, ஏன் வாசலையே பாக்குறீங்க?

நானும் புத்தி சொல்றவதான், இல்லேங்கல. ஆனா நான் இருபத்தேழு வருசம் பால்வாடியில ஆயா வேலை பாத்தவ. 1982 ஜூலை 1-ஆம் தேதி, நம்ம திருச்சிக்குப் பக்கத்துல பாப்பாக்குறிச்சியில எம்ஜிஆரு வந்து சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சாரே, அந்த வருசம் கரண்டிய எடுத்தவ. எழுத்து அரைகுறை. ஆனா யாரு வயித்துக்கு எவ்ளோ போகுதுன்னு பாத்தாலே சொல்லுற கண்ணு இது.

உன் மாமியா என்ன சொல்றாங்க? ரெண்டு உயிருக்குச் சேத்துச் சாப்பிடணும்ங்கறாங்களா? நல்ல மனசு. அஞ்சாம் மாசத்துப் புள்ளயோட எடை முன்னூறு கிராம் சொச்சம். நாலு வாழைப்பழ எடைகூட இல்லாத அந்த ஆளு, ஒரு குண்டான் சோறு கேட்டு வயித்துக்குள்ளேருந்து ஆள் அனுப்புதா? ஐதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. அது நம்ம வீட்டுப் பொண்ணுதான்; 1918-ல குன்னூர்ல ஒத்தை ரூமுல பொறந்து, 1958-ல ஐதராபாத்துக்கு வாக்கப்பட்டுப் போச்சு. பொறந்ததே பெரிபெரி நோயை ஆராயத்தான். அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கித் தின்னு, தவிட்டுல இருந்த சத்தைத் தொலைச்சதால வந்த நோய் அது. வெள்ளை மேல நமக்கு இருக்குற ஆசைய அப்புறம் பேசுவோம். அந்த நிறுவனத்துக்காரங்க சொல்ற கணக்கு, கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலா 350 கலோரி. ஒரு டம்ளர் பாலு, ஒரு கைப்பிடி வறுத்த நெலக்கடலை, ஒரு பூவன் பழம். முடிஞ்சு போச்சு. ரெண்டாவது உயிரோட சாப்பாடு அவ்வளவுதான்.

ஆனா சோத்தைக் கூட்டச் சொல்றதைவிட பருப்பு, முட்டை, மீனைக் கூட்டச் சொல்றாங்க. கடைசி மூணு மாசத்துல புரதம் மட்டும் ஒரு நாளைக்கு 22 கிராம் கூடுதலா வேணுமாம். ஒரு முட்டையில ஆறு கிராம்தான். மீதிக்குப் பருப்பு, சுண்டல், மீனு. இதை உன் மாமியாகிட்ட சொல்லிப் பாரு. ரெண்டு உயிருக்குச் சோறு போட்ட கையி, ரெண்டாவது முட்டையை எடுக்கறப்ப மட்டும் நடுங்கும்.

பப்பாளிக்கு வருவோம். அந்தப் பஞ்சாயத்தை முடிக்காம என்னை யாரும் எந்திரிக்க விடமாட்டாங்க. சிங்கப்பூர்ல ஆராய்ச்சிக்காரங்க 2002-ல சினை எலிகளுக்குப் பழுத்த பப்பாளியக் குடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா காயில வடியுற பாலு கருப்பையைச் சுருங்க வைக்குதுன்னு கண்டாங்க. எலி வேற நாம வேறதான். ஆனாலும் நம்ம கெழவிங்க சொன்னதுல பாதி நெசம், பாதி நீட்டல். காயையும் செங்காயையும் தொடாதே. நல்லாப் பழுத்ததுக்குப் பயப்படாதே. அப்படியும் மனசு ஒதறுச்சுன்னா விட்டுத் தள்ளு, கொய்யாப்பழம் தின்னு. பப்பாளி தின்னாத்தான் புள்ள பொறக்கும்னு எவனும் சொல்லல.

ரெட்டை வாழைப்பழம் தின்னா ரெட்டைப் புள்ள பொறக்குமாம். கொள்ளிடக்கரை முழுக்க வாழைத்தோப்பு. பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லின்னு லாரி லாரியாப் போகுது. அதுல ரெட்டையா ஒட்டிக் கெடக்குறதை வித்தா வெலை போவாதுன்னு வீட்டுல வச்சுத் தின்னே வளந்த சனம் நாம. அந்தக் கணக்குல லால்குடி தாலுகாவுல பாதிப் பேரு ரெட்டையாத்தான் திரியணும். தாயனூர்ல 1993-லேருந்து வாழைக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. சந்தேகம்னா மாப்ளைய அனுப்பிக் கேட்டுட்டு வரச் சொல்லு. அவரும் ஏதாவது வேலை செஞ்ச மாதிரி இருக்கும்.

குங்குமப்பூ. அடடா, அந்தச் சின்ன டப்பாவை மாப்ள நெஞ்சுப் பையிலயே வச்சிருக்காரு பாரு, தாலி மாதிரி! மாப்ள, கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா கருப்பு. எங்க வீட்டுக்காரரு அடுப்புக்கரி. நீங்க மாநிறம்னு பொண்ணு பாக்க வந்தன்னிக்குத் தரகர் சொன்னாரு, அன்னிக்குக் கரண்டு வேற இல்ல. இத்தனை தலைமுறை கருப்பை, பாலுல போட்ட ரெண்டு நாரு வந்து வெளுத்துடுமா? நெறம் அப்பன் ஆத்தா குடுக்குறது, காஷ்மீர்க்காரன் குடுக்குறதில்ல. வாசனைக்குப் போட்டுக் குடிக்கணும்னா குடி, தப்பில்ல. அந்தப் பாலுதான் சத்து, பூவு வெறும் ஒப்பனை. அந்த ஒரு கிராம் காசுக்கு மாசம் முழுக்க முட்டை வாங்கலாம். முட்டையும் வெள்ளைதானே மாப்ள, அதை வாங்குங்களேன்?

சிரிக்கிறியா. சிரி. இப்ப சிரிக்க முடியாத கதை ஒண்ணு.

உன் பெரியம்மாவ நான் சொமந்தப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. ஏழாம் மாசம் பொறந்ததும் எங்க மாமியா சோத்தைக் கொறைச்சாங்க. கெட்ட எண்ணம் கெடையாது. புள்ள பெருத்துட்டா வெளிய வராது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி கத்தி வைக்கணும்னு பயம். அவங்க மாமியா அவங்களுக்குக் கொறைச்சது, இவங்க எனக்கு. நம்ம தாலுகாவைச் சுத்திப் பாரு, பெருவளை வாய்க்காலு, புள்ளம்பாடி வாய்க்காலு, கண்ணுக்கெட்டுன தூரம் நெல்லு. அந்த நெல்லை நட்டவ வயித்துல அரைப்படி சோறு இல்ல.

மீன் கொழம்பு வச்ச அன்னிக்குக் கதை கேளு. கொள்ளிடத்துக் கெண்டை, சட்டியில பன்னெண்டு துண்டு. நானே எண்ணிப் போட்டது. மாமனாருக்கு நடுத்துண்டு ரெண்டு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு. கொழுந்தன்மாரு மூணு பேருக்கு ஆறு. நாத்தனாருக்கு ஒண்ணு. மாமியாளுக்கு ஒண்ணு. நான் உக்காரும்போது சட்டியில புளியும், ஒதுங்கிக் கெடந்த ரெண்டு முள்ளும். யாரும் என்னைப் பட்டினி போடணும்னு நெனைக்கல. யாரும் என்னை நெனைக்கவே இல்ல, அவ்வளவுதான். அந்த முள்ளைச் சப்பிக்கிட்டே சட்டியச் சோத்தால தொடைச்சுத் தின்னேன். இன்னிக்கும் மீன் சட்டியக் கழுவுறப்ப கை தானா நடுவுல நிக்கும்.

அப்புறம்தான் மண்ணு. கொள்ளிடத்துக்குத் துணி தொவைக்கப் போனா, கரைய உடைச்சு அந்தக் கரம்பைக் கட்டிய வாயில போட்டுக்குவேன். மொத மழை மண்ணு வாசம் அடிச்சா நாக்குல தண்ணி ஊறும். மசக்கைன்னு சிரிச்சாங்க. எங்க தெருவுல ஒரு தமிழ் வாத்தியார் இருந்தாரு, அவருதான் சொன்னாரு. புறநானூத்துலயே இது இருக்காம். குறுங்கோழியூர் கிழார்னு ஒரு புலவரு, சேரன் இரும்பொறையைப் பாடுறப்ப, உன் நாட்டு மண்ணை எந்தப் பகைவனும் தின்ன முடியாது, மசக்கைக்காரிங்க மட்டும்தான் ஆசைப்பட்டுத் திம்பாங்கன்னாராம். ராசா பெருமைக்கு நல்ல பாட்டு. எனக்கு அதைக் கேட்டதும் வேற ஒண்ணுதான் தோணுச்சு. அந்தப் பொம்பளைங்க வீட்டுலயும் சட்டியில முள்ளுதான் மிஞ்சியிருக்கும் போல.

பால்வாடிக்கு வந்த பொறவு நர்சம்மாதான் சொன்னாங்க, இரும்புச்சத்து கொறைஞ்சவங்களுக்கு மண்ணு, சாம்பலு, பச்சரிசி மேல இப்படி ஆசை வரும்னு. உனக்கு எதாவது அப்படித் தோணுச்சுன்னா ஒளிச்சு வச்சுத் திங்காம, சொல்லிப்புடு. மண்ணோட பூச்சி முட்டையும் உள்ள போகும்.

உன் பெரியம்மா பொறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்ல. ரெண்டரைக்குக் கொறைஞ்சாலே எடை பத்தாதுங்குறாங்க. அவளுக்கு நாப்பது வயசுலயே சக்கரை. இதனாலதான் அது வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஹாலந்து தேசத்துல 1944, 45 குளிர்காலத்துல செர்மன்காரன் சாப்பாட்டை மறிச்சப்போ, வயித்துல இருந்த புள்ளைங்க அம்பது வயசானதும் சோதிச்சுப் பாத்திருக்காங்க. அதுங்க ஒடம்பு சக்கரையச் சரியாக் கையாள முடியாமத் திணறுச்சாம். வயித்துக்குள்ள பட்ட பசிய அந்த ஒடம்பு அம்பது வருசம் மறக்கல பாரு. அங்க எதிரி மறிச்சான், இங்க பாசத்துல மறிச்சாங்க.

ரத்தம் எவ்ளோ இருக்குன்னாங்க? 10.2-ஆ? 11-க்கு மேல இருக்கணும் கண்ணு. வெக்கப்படாதே, நாட்டுல பாதிக் கர்ப்பிணிங்க உன் கூடத்தான் நிக்கிறாங்க. 2019-21-ல அரசாங்கம் எடுத்த கணக்குல நூத்துக்கு 52 பேருக்கு ரத்தம் கம்மி. செவப்பு மாத்திரை குடுத்திருப்பாங்களே, 180 நாளைக்குத் தெனம் ஒண்ணு. முழுங்குறியா? என் கண்ணைப் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியாத எடமா? அரிசிக் குதிருக்குள்ள, மாடத்து வெளக்குக்குப் பின்னால, தென்னைமரத்தடியில. ஒருத்தி கிணத்துலயே போட்டா. அந்தத் தெருவுல ரத்தசோகை இல்லாத ஒரே ஆளு அந்தக் கெணத்துத் தவளைதான். வெளிக்குக் கருப்பாப் போகுது, மலம் கட்டுது, கொமட்டுது, அதானே? கருப்பாப் போனா மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். கட்டுச்சுன்னா கீரை, பழம், நெறையத் தண்ணி. கொமட்டுனா ராத்திரி சாப்பிட்ட பொறவு போட்டுப் படு. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒண்ணாப் போடாதே. ரெண்டும் சக்களத்திங்க, ஒண்ணை ஒண்ணு உள்ள விடாது.

காப்பி, டீயும் அப்படித்தான். சாப்பிட்ட கை காயறதுக்குள்ள ஒரு டம்ளர் காப்பி உள்ள தள்ளுற குடும்பம் உன்னுது. முருங்கைக்கீரையில, கேவுருல இருக்குற இரும்பை அந்தக் காப்பி வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. அதுக்குப் பதிலா சோத்தோட ஒரு நெல்லிக்காய், கீரைப் பொரியல்ல அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்க. அது இரும்பைக் கையப் புடிச்சு உள்ள அழைச்சிட்டுப் போகும். கறி திங்கிறவ, அதனால ஞாயித்துக்கெழமை கறிக்கடையில சுவரொட்டி கேட்டு வாங்கியாறச் சொல்லு. காலையிலயே போவணும், மாப்ள. எட்டு மணிக்கு எந்திரிச்சுப் போனா அது தீந்திருக்கும், உங்களுக்குன்னு கடைக்காரரு கொழுப்பைக் கட்டிக் குடுப்பாரு. நல்லா வேகணும். எள்ளு சூடுன்னு சொன்னாளே பூக்காரம்மா, அவகிட்ட எள்ளுல சுண்ணாம்புச்சத்து எவ்ளோன்னு கேளு. ஒரு எள்ளுருண்டைக்கு ஒண்ணும் ஆகிடாது.

இனிப்புக்குத்தான் நான் பயப்படுவேன். புள்ளத்தாச்சின்னு தெரிஞ்சதும் வர்றவங்க எல்லாம் கேசரி, லட்டு, பால்கோவான்னு கையில புடிச்சிட்டு வர்றாங்க. ஒருத்தியாவது அவிச்ச பயறு கொண்டாந்தாளா? வெறும் வயிறா இல்லையான்னு பாக்காம 75 கிராம் குளுக்கோஸ் தண்ணியக் குடிக்க வச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்களே, அதைத் தட்டிக் கழிக்காதே. 140-ஐத் தொட்டா கர்ப்பகாலச் சக்கரை. இந்தச் சுருக்கு வழிய ஊரறிய வச்சது நம்ம மெட்ராஸ் டாக்டர் சேஷையா. அவரு பொறந்த மார்ச் 10-ஐத்தான் நாடு முழுக்க இந்தச் சக்கரைக்கான விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. மொதத் தடவை சரியா இருந்தாலும் ஆறாம் மாசத்துல திரும்பப் பாப்பாங்க. அன்னிக்குக் கூடப் போறது யாரு? மாப்ள, கேள்வி உங்களுக்குத்தான்.

நம்ம மலைக்கோட்டைச் சாமி பேரு என்ன? தாயுமானவர். ரத்னாவதிங்குற செட்டிப்பொண்ணு நெறமாசம். ஆத்தா பூம்புகார்லேருந்து மருந்து, பண்டமெல்லாம் கட்டிக்கிட்டுக் கெளம்பினா, காவேரியில வெள்ளம். அந்தக் கரையில மாட்டிக்கிட்டா. இங்க இவளுக்கு வலி கண்டுடுச்சு. சிவன் என்ன பண்ணாரு? மலை உச்சியில உக்காந்துக்கிட்டு "பப்பாளி திங்காதே, கெரகணத்துல வெளிய வராதே"ன்னு அருள்வாக்கா சொன்னாரு? எறங்கி வந்தாரு. பொடவையக் கட்டிக்கிட்டு ஆத்தா வேசத்துல வீட்டுக்குள்ள போயி, பக்கத்துல உக்காந்து பிரசவம் பாத்தாரு. வெள்ளம் வடிஞ்சு நெச ஆத்தா வந்தப்போ வீட்டுல ரெண்டு ஆத்தா! இன்னிக்கும் திருவிழாவுல செட்டிப்பெண் மருத்துவம்னு அதை நடத்துறாங்க. சுகப்பிரசவம் ஆகணும்னு வாழைத்தார் நேந்துக்கறாங்க. ஆனா மாப்ள, அத்தனை ஆம்பளைங்க அத்தனை படி ஏறி அந்தச் சாமியக் கும்புட்டுட்டு வர்றீங்க, கீழ எறங்குனதும் ஒருத்தராவது அவரு செஞ்ச வேலையச் செய்யறீங்களா? உங்களைப் பொடவை கட்டச் சொல்லல. தோசைக்கரண்டியப் புடிச்சாப் போதும்.

காசு வந்துச்சா? முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேருல குடுக்குற மகப்பேறு நிதி, மொத்தம் 18,000. அதுல 14,000 ரொக்கம், மீதிக்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்தம்மா யாரு தெரியுமா? நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில 1886-ல பொறந்து, பொம்பளைப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போறதே அதிசயமா இருந்த காலத்துல, 1912-ல டாக்டரா வெளிய வந்தவங்க. அவங்க பேருல வர்ற காசு புள்ளத்தாச்சி வயித்துக்குத்தான் குடுக்கறது. எங்க தெருவுல ஒருத்தன் அதுல போன் வாங்கிட்டான். கேட்டா, அந்தப் போன்ல கர்ப்பிணி என்ன சாப்பிடணும்னு பாத்துச் சொல்றேனேங்கறான்.

சரி, பொழுது சாயுது. அடுப்புல அயிரைக் கொழம்பு இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு. இன்னிக்கு மொதத் தட்டு உனக்கு. நீ தின்னு முடிச்சு ஏப்பம் விட்ட பொறவுதான் மத்தவங்களுக்கு. மாப்ள, எலையெல்லாம் வேணாம், அந்தத் தட்டைக் கழுவி எடுத்தாங்க. அங்க இல்ல, இடது பக்கம், அலமாரியில... என்ன சத்தம் அது? பெட்டகத்து டப்பாவைத் தொறக்கறீங்களா?

மாப்ள, அதுல பேரீச்சம்பழம் நாப்பத்தொண்ணு இருக்கு. எண்ணித்தான் வச்சிருக்கேன்.